மூடி போட்டு வேகும் கோழி, பக்கத்தில் அன்னாசிப் பச்சடி

கோழி ரப்பராக இழுக்கிறது, உருளைக்கிழங்கு கரைந்துவிட்டது, குழம்பு தண்ணீராக நிற்கிறது. கிச்சாப் கோழியைப் பற்றி நம் வீடுகளில் எழும் குறைகள் பெரும்பாலும் இந்த மூன்றுதான். உடனே மசாலாவை மாற்றுவோம், கிச்சாப் போத்தலை மாற்றுவோம். கவனிக்க வேண்டியது வேறு: வாங்கிவந்த கோழிக்கு என்ன வயது, அதற்கு எவ்வளவு தண்ணீர், எந்தக் காய் எப்போது குவாலிக்குள் இறங்க வேண்டும் என்பது. ஜொகூரில் கிடைக்கும் பொருள்களை வைத்தே இந்தக் குறிப்புகளை எழுதியிருக்கிறேன். அளவுகள் ஒன்றரைக் கிலோ கோழிக்கு. ஐந்தாறு பேர் சாப்பிடலாம்.

1. கடையில் முதலில் கோழி எது என்று கேளுங்கள். பாசாரில் மூன்று விதமாகக் கிடைக்கும். சாதாரணப் பண்ணைக் கோழி ஐந்தாறு வாரத்திலேயே விற்பனைக்கு வந்துவிடுகிறது. சதை இளசு. மிதமான தீயில் 35 முதல் 40 நிமிடத்தில் பதமாகிவிடும். அதைத் தாண்டினால் நார்நாராகப் பிரிந்து சக்கையாகிவிடும். கம்போங் கோழிக்கு ஒரு மணி முதல் ஒன்றேகால் மணி நேரம் வேண்டும். முட்டையிட்டு ஓய்ந்த கோழியை 'ஆயாம் பென்சென்' என்று தனியாக விற்பார்கள். வயது ஒன்றரையை ஒட்டியிருக்கும். இரண்டு மணி நேரம் பொறுக்க முடிந்தால், அதைப்போல் சாறு வேறெந்தக் கோழியும் தராது.

காரணம் எளிது. வயது ஏற ஏறக் கோழியின் தசையிலும் மூட்டிலும் உள்ள கொலாஜன் இறுகிப்போகும். 70 டிகிரி செல்சியசுக்கு மேல் ஈரச்சூட்டில் நெடுநேரம் கிடந்தால்தான் அது இளகிக் குழம்பில் இறங்கும். விரலில் ஒட்டும் அந்தப் பசைப்பதம் அதனால் வருவதுதான். இளங்கோழியில் அது குறைவு, அதனால் கூடுதல் நேரம் அடுப்பில் வைத்து ஒரு பயனும் இல்லை. பழைய சமையல் நோட்டில் 'ஒன்றரை மணி நேரம் வேகவிடவும்' என்று இருந்தால், அது தோட்டத்தில் மேய்ந்து வளர்ந்த கோழிக்காக எழுதியது. இன்றைய பண்ணைக் கோழிக்கு அந்தக் கணக்கு ஆகாது.

2. "தம்பி, கறிக்கு வெட்டுற மாதிரி பொடியா வேணாம், பன்னெண்டு துண்டா வெட்டிக் கொடுங்க" என்று கடையிலேயே சொல்லிவிடுங்கள். சிறு துண்டுகள் சீக்கிரம் வறண்டுவிடும், எலும்புச் சில்லும் குழம்பில் கலந்துவிடும். நெஞ்சுப் பகுதியை மட்டும் தனிப் பையில் போடச் சொல்லுங்கள். தொடையோடு சேர்த்து அதையும் 40 நிமிடம் வேகவைப்பது கூடாது. கடைசி 20 நிமிடம் அதற்குப் போதும்.

3. 2023 நவம்பர் 1 முதல் மலேசியாவில் கோழிக்கு உச்சவரம்பு விலை இல்லை. கடைக்குக் கடை, வாரத்துக்கு வாரம் விலை மாறுகிறது. தொடை மட்டும் வாங்குவதைவிட முழுக்கோழி வாங்குவதே பெரும்பாலும் கட்டுப்படியாகும். கழுத்து, முதுகெலும்பு, கால் ஆகியவற்றை ஒதுக்கி, ஒரு துண்டு இஞ்சியும் வெங்காயமும் போட்டு முக்கால் மணி நேரம் கொதிக்கவிட்டு வடிகட்டி வைத்துக்கொள்ளுங்கள். கிச்சாப் கோழியில் பச்சைத் தண்ணீருக்குப் பதில் இந்தச் சாற்றை ஊற்றினால் வித்தியாசம் முதல் வாயிலேயே தெரியும்.

4. மஞ்சளும் உப்பும் போட்டுக் கோழியைக் கழுவுவது நம் வழக்கம். ஆனால் ஓடும் குழாய்க்கு அடியில் கழுவினால், தெறிக்கும் நீரோடு கிருமிகளும் பக்கத்திலுள்ள தட்டுக்கும் காய்க்கும் போய்விடும். கிருமியைக் கொல்வது அடுப்புச் சூடுதான். கழுவித்தான் ஆகவேண்டும் என்றால் ஒரு ஆழமான சட்டியில் தண்ணீர் வைத்து, தெறிக்காமல் அலசி, தண்ணீரை மெல்லச் சாய்த்து ஊற்றுங்கள். பிறகு தொட்டியையும் வெட்டுப் பலகையையும் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துவிடுங்கள். காய்களை அதற்கு முன்பே வெட்டி எடுத்து வைத்துவிடுவது இன்னும் நல்லது.

5. ஊறவைக்க அரைத் தேக்கரண்டி மஞ்சள், அரைத் தேக்கரண்டி மிளகுத்தூள், ஒரு மேசைக்கரண்டி கிச்சாப் போதும், நேரம் அரை மணி. கறி மெத்தென்று வர அன்னாசிச் சாறோ பப்பாளிக் காயோ தடவும் பழக்கம் சில வீடுகளில் உண்டு. பண்ணைக் கோழிக்கு அது வேண்டவே வேண்டாம். அன்னாசியில் இருக்கும் புரோமலின் என்ற நொதி புரதத்தைச் சிதைக்கும். இளஞ்சதையின் மேற்புறம் மாவாகக் குழைந்துபோகும்.

6. குவாலியில் இறக்கும் முன் துண்டுகளைத் துணியால் ஒற்றி ஈரத்தை எடுங்கள். ஈரமாகப் போட்டால் எண்ணெய் தெறிக்கும், கோழி சிவக்காமல் அவியும். தோல் பக்கம் கீழே இருக்கும்படி, துண்டுக்குத் துண்டு இடைவெளி விட்டு, இரண்டு தடவையாகப் பொரியுங்கள். நான்கைந்து நிமிடம் கிளறவே கூடாது. தோல் பொன்னிறமானால் அதுவே குவாலியை விட்டு விலகி வரும். எடுத்துத் தட்டில் வையுங்கள். குவாலியின் அடியில் ஒட்டியிருக்கும் பழுப்பைக் கழுவிவிடாதீர்கள். வெங்காயம் வதங்கும்போது கால் கப் சாறு தெளித்து மரக்கரண்டியால் சுரண்டினால் அது முழுவதும் குழம்புக்கு வந்துவிடும். நிறமும் மணமும் பாதி அதிலிருந்துதான்.

7. தாளிக்க: பட்டை ஒரு விரல் நீளம், கிராம்பு நான்கு, ஏலக்காய் மூன்று, அன்னாசிப்பூ ஒன்றே ஒன்று. அன்னாசிப்பூ இரண்டானால் மற்ற மணம் எதுவும் எழாது. கறிவேப்பிலையோடு தட்டிய செராய் ஒரு தண்டு சேருங்கள். சின்ன வெங்காயம் பதினைந்து, பூண்டு எட்டுப் பல், இரண்டு அங்குல இஞ்சி இவற்றை அரைத்துப் பச்சை வாடை போகும்வரை வதக்கி, இரண்டு மேசைக்கரண்டி காய்ந்த மிளகாய் விழுதைப் போடுங்கள். எண்ணெய் பிரிந்த பிறகே கோழி. இந்த இடத்தில் அவசரப்பட்டால் பின்னால் எதைக் கொட்டியும் சரிசெய்ய முடியாது.

8. மெல்லிய கிச்சாப் ஒரு மேசைக்கரண்டியில் அரைத் தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவான உப்பு இருக்கிறது. மூன்று கரண்டி ஊற்றிவிட்டு வழக்கமான உப்பையும் போட்டால் கரிக்காமல் என்ன செய்யும்? உப்பைக் கடைசியில் பாருங்கள். வயதானவர்களும் இரத்த அழுத்தம் உள்ளவர்களும் இருக்கும் வீட்டில் இது முக்கியம். கெட்டியான இனிப்புக் கிச்சாப்பில் சர்க்கரை அதிகம், அடிப்பிடிக்கும்; அதை வேக்காடு பாதி ஆனபின் ஊற்றுங்கள்.

9. பண்ணைக் கோழிக்கு ஒரு கப் சாறு போதும். கோழியும் வெங்காயமும் தாமே நீர் விடும். கம்போங் கோழிக்கு இரண்டரைக் கப். துண்டுகளின் பாதி உயரத்துக்குத்தான் நீர் நிற்க வேண்டும். மூழ்கினால் அது அவியல் கோழி.

10. கொதி வந்ததும் தீயைக் குறையுங்கள். ஓரத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குமிழி வந்தால் சரி. தளதளவென்று கொதித்தால் சதை சுருங்கிச் சாற்றைப் பிழிந்து வெளியே விட்டுவிடும். மூடி சரியாகப் பொருந்தாத குவாலி என்றால், வாழை இலையை வட்டமாக நறுக்கி, தணலில் ஒரு நொடி வாட்டி, கறியின் மேலேயே படிய வைத்து மூடுங்கள். ஆவி வெளியேறாது, மேல்துண்டுகளும் காயாது, இலையின் மணமும் இறங்கும். நம் பக்கம் வாழை இலைக்குப் பஞ்சமா?

11. காய்கள். இதில்தான் பெரும்பாலானவர்களின் கை தடுமாறுகிறது. எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டுவது வேலையைச் சுலபமாக்கும், ஆனால் கேரட் கடிக்க முடியாமலும் முட்டைக்கோஸ் கூழாகவும் போய்ச் சேரும். பண்ணைக் கோழி வேகும் 40 நிமிடத்தை வைத்துச் சொல்கிறேன். 15-ஆவது நிமிடத்தில் உருளைக்கிழங்கும் கேரட்டும். இரண்டையும் பெரிய துண்டாக, ஒரே அளவாக வெட்டியிருக்க வேண்டும். 30-ஆவது நிமிடத்தில் விரல் நீளத்துக்கு ஒடித்த பயத்தங்காய். 33-ஆவது நிமிடத்தில் கையால் கிழித்த முட்டைக்கோஸ். கத்திரிக்காயும் வெண்டைக்காயும் நேராக உள்ளே போகக் கூடாது. தனியாக எண்ணெயில் வதக்கி, அடுப்பை அணைப்பதற்கு ஐந்து நிமிடம் முன்னால் சேருங்கள். அப்போது கத்திரிக்காயின் ஊதா நிறம் ஓரளவு நிற்கும், வெண்டைக்காயின் கொழகொழப்பும் குழம்பைக் கெடுக்காது. கம்போங் கோழியானால், கடைசி 25 நிமிடத்திலிருந்து இதே வரிசையைத் தொடங்குங்கள்.

12. கிழங்கில் 'ஹாலண்ட்' என்று விற்கும் மஞ்சள் சதைக் கிழங்கு உருக்குலையாமல் நிற்கும். அமெரிக்கக் கிழங்கு மாவுப்பதம், கரைந்து குழம்பைக் கெட்டியாக்கும். குழம்பு கெட்டியாக வேண்டுமென்றால் அமெரிக்கக் கிழங்கு பாதி மட்டும் போடுங்கள். புளியோ தக்காளியோ சேர்ப்பதாக இருந்தால் கிழங்கு வெந்த பிறகு சேருங்கள். புளிப்பு ஏறிய நீரில் கிழங்கு எளிதில் மசியாது, எவ்வளவு நேரம் வைத்தாலும் நடுவில் கடுக்கென்று நிற்கும்.

13. உப்பு கூடிவிட்டால் கிழங்கு உறிஞ்சிவிடும் என்று நம்ப வேண்டாம். கிழங்கு கொஞ்சம் குழம்பைக் குடிக்கும், மிச்சக் குழம்பின் கரிப்பு அப்படியேதான் இருக்கும். அரைக் கப் நீர்த்த தேங்காய்ப்பாலும், உப்பில்லாமல் வேகவைத்த காயும் சேர்ப்பதுதான் வழி.

14. பென்சென் கோழிக்கு பிரஷர் குக்கர் உதவும். விசில் வந்தபின் சிறு தீயில் 25 முதல் 30 நிமிடம். காய்களைக் குக்கருக்குள் போடாமல், திறந்த பிறகு குவாலிக்கு மாற்றிச் சேருங்கள்.

15. வாத்து வாங்கும் ஆசை இருந்தால் ஜொகூரைவிட நல்ல இடம் எது? 19-ஆம் நூற்றாண்டில் இங்கே கம்பீரும் மிளகும் பயிரிட வந்த சீனர்களில் தியோச்சூ மக்கள் மிகுதி. கிச்சாப்பில் நெடுநேரம் ஊறி வேகும் வாத்து அவர்கள் வீட்டுச் சமையல். இன்றும் ஜொகூர் பாருக் கடைகளில் அதைச் சோற்றோடு தட்டில் வைத்துத் தருகிறார்கள். அந்த மணத்தின் உயிர்நாடி லெங்குவாஸ், அதாவது பேரரத்தை. நம் மருந்துப் பெட்டியில் இருக்கும் சித்தரத்தைக்கு உறவு. ஆறேழு வில்லை லெங்குவாஸ், பட்டை, கிராம்பு, அன்னாசிப்பூ, முழுப் பூண்டு ஒன்று, கரும் கிச்சாப், இரண்டு மேசைக்கரண்டி சீனி.

சீனியை முதலில் குவாலியில் உருக்கி, தேன் நிறம் தாண்டிச் செம்பழுப்பு வந்ததும் கிச்சாப்பையும் சுடுநீரையும் ஓரமாக நின்று ஊற்றுங்கள், பொங்கித் தெறிக்கும். வாத்துத் தோலில் கொழுப்பு அதிகம். எண்ணெயே விடாமல் தோல் பக்கம் கீழே வைத்துச் சிறு தீயில் பத்து நிமிடம் விட்டால் கொழுப்பு உருகி இறங்கும். அதை வடித்துவிட்டுத்தான் சாற்றில் போட வேண்டும். ஒன்றரை மணி நேரம் வேகட்டும். வெள்ளை முள்ளங்கியும், முந்தின இரவே ஊறவைத்த சீனக் காளானும் கடைசி முக்கால் மணி நேரத்தில் சேரலாம். அவித்து உரித்த முட்டைகளை அடுப்பை அணைத்தபின் சாற்றில் போட்டு வையுங்கள், ஒரு மணி நேரத்தில் நிறம் ஏறிவிடும். மிஞ்சிய சாற்றைக் கொதிக்கவிட்டு, வடிகட்டி, ஆற்றி உறைபெட்டியில் வைத்தால் அடுத்த முறைக்கு ஆகும். ஒரு மாதத்துக்குள் எடுத்துவிடுங்கள்.

16. இனி பக்க உணவு. கிச்சாப் கோழியில் இனிப்பும் கொழுப்பும் சேர்ந்திருக்கும். பக்கத்தில் புளிப்பு வேண்டும். கடைப் போத்தல் ஊறுகாயைத் தேட வேண்டாம், பொந்தியான் பக்கத்துக் கரிமண்ணில் விளையும் அன்னாசி இருக்கிறது. மலேசியாவில் அன்னாசி அதிகம் விளையும் மாநிலம் ஜொகூர்தான். பெக்கான் நானாஸ் என்ற ஊரே அன்னாசியின் பெயரில் இருக்கிறது. பச்சடிக்கு 'மோரிஸ்' வகை எடுங்கள், புளிப்பு சற்றுத் தூக்கலாக இருக்கும். எம்டி2 வெறுமனே நறுக்கிச் சாப்பிட நன்றாக இருக்கும், பச்சடிக்கு அதன் இனிப்பு ஒத்துவராது. அடிப்பக்கத்தை முகர்ந்து பாருங்கள். பழ மணம் மெல்ல வந்தால் பச்சடிக்குச் சரியான பதம். சாராய வாடை அடித்தால் வேண்டாம்.

17. அன்னாசியின் கண்களை ஒவ்வொன்றாகத் தோண்டினால் பாதிப் பழம் குப்பைக்குப் போகும். தோலை மெல்லியதாகச் சீவிய பின் பாருங்கள், கண்கள் சாய்வு வரிசையில் சுற்றிவரும். அந்தச் சாய்விலேயே கத்தியால் வாய்க்கால் போல் வெட்டியெடுத்தால் வரிசை முழுவதும் ஒன்றாக வந்துவிடும். பாசாரில் பழம் விற்பவர்கள் கை ஓடும் விதத்தை ஒருமுறை கவனித்தால் போதும், பிடிபட்டுவிடும்.

18. அன்னாசிப் பச்சடி: ஒரு பழத்தைக் கட்டைவிரல் நகம் அளவுக்கு நறுக்கி, கால் தேக்கரண்டி மஞ்சள், ஒரு சிட்டிகை உப்பு, அரைக் கப் தண்ணீரோடு பத்துப் பன்னிரண்டு நிமிடம் வேகவையுங்கள். இரண்டு மேசைக்கரண்டி தேங்காய்த் துருவல், அரைத் தேக்கரண்டி கடுகு, ஒரு பச்சை மிளகாயை அரைத்துச் சேருங்கள். சீனிக்குப் பதில் குளா மலாக்கா இரண்டு மேசைக்கரண்டி போட்டால் நிறமும் ஆழமும் கூடும். கடைசியில் கடுகு, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை தாளிப்பு. கடுகை அரைத்தபின் நெடுநேரம் கொதிக்கவிட்டால் அதன் காரம் போய்விடும். இரண்டு நிமிடத்தில் இறக்குங்கள்.

19. தயிர் சேர்த்த பச்சடி வேண்டுமென்றால் அன்னாசியை வேகவைத்து முழுதாக ஆறியபின் கலக்கவும். பச்சை அன்னாசியைத் தயிரில் போட்டால், முன்பு சொன்ன அதே நொதி பால் புரதத்தைச் சிதைத்து, சற்று நேரத்தில் கசப்பாக்கிவிடும். வேகவைத்தால் நொதி செயலிழந்துவிடும்.

20. அடுப்பு மூட்ட நேரமில்லாத நாளில் ஜெலாத்தா. விதை நீக்கிய வெள்ளரிக்காய், அன்னாசி, சின்ன வெங்காயம், சிவப்பு மிளகாய் இவற்றுடன் இரண்டு மேசைக்கரண்டி காடி, ஒரு தேக்கரண்டி சீனி, உப்பு. சாப்பாட்டுக்குப் பதினைந்து நிமிடம் முன்புதான் கலக்க வேண்டும், இல்லாவிட்டால் வெள்ளரி நீர்விட்டுத் தொய்ந்துவிடும்.

21. புரட்டாசியில் இதே குழம்பைத் தெம்பேயிலும் தவ்கூவாவிலும் செய்யலாம். ஜாவானிய வம்சத்தினர் நிறைந்த பத்து பகாட், பொந்தியான், மூவார் பக்கங்களில் வாழை இலையில் மடித்த தெம்பே சாதாரணமாகக் கிடைக்கும். சதுரமாக வெட்டிப் பொன்னிறமாகப் பொரித்து, காய்கள் வெந்தபின் போட்டுப் பத்து நிமிடம் ஊறவிட்டால் போதும்.

22. தீபாவளித் திறந்த இல்லத்துக்கு முஸ்லிம் நண்பர்கள் வருவார்கள் என்றால், கோழியை மட்டும் ஹலால் கடையில் வாங்கினால் போதாது. கிச்சாப், காடி போத்தல்களிலும் ஹலால் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். குவாலியும் கரண்டியும் தனியாக வைத்திருப்பது இன்னும் மரியாதை. விருந்தாளி தயங்காமல் கைவைக்க வேண்டும், அதுதானே நமக்கு மகிழ்ச்சி.

23. வெந்துவிட்டதா என்ற சந்தேகத்துக்குத் தொடையின் தடித்த இடத்தில் குத்திப் பாருங்கள், சாறு தெளிவாக வரவேண்டும். சமையல் வெப்பமானி இருந்தால் எலும்பில் படாமல் செருகி 74 டிகிரி காட்டுகிறதா என்று பார்ப்பது இன்னும் உறுதி.

24. நம் ஊர் வெப்பத்தில் சமைத்த கோழியை மேசைமேல் இரவு வரை மூடி வைப்பது ஆபத்து. இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டிக்குப் போய்விட வேண்டும். பெரிய பானையோடு வைத்தால் நடுப்பகுதி ஆறவே நேரமாகும். தட்டையான டப்பாக்களில் பிரித்து வையுங்கள். விடியலுக்கு முன்பே கடற்பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் இரவில் திரும்புகிறவர்கள் இருக்கும் வீடுகளில், ஞாயிறு சமைத்த கோழிதான் திங்கள் இரவுச் சாப்பாடு. ஒருவேளைக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக் கொதி வரும்வரை சூடாக்குங்கள். திரும்பத் திரும்ப முழுவதையும் சூடாக்கினால் இளங்கோழி உதிர்ந்துவிடும்.

25. மறுநாள் குழம்பின் மேல் உறைந்து நிற்கும் கொழுப்பைக் கரண்டியால் வழித்து எடுத்துவிடலாம். அடியில் இருப்பது கூழ்போல் இறுகியிருந்தால் கவலைப்படாதீர்கள், அது குழம்பில் இறங்கிய கொலாஜன்தான், சூடானதும் இளகிவிடும். சோறு அலுத்துப்போனால் ரொட்டியோடு சாப்பிடுங்கள். ஜொகூர் பாரு ஜாலான் டோபியில் 1937 முதல் நடந்துவரும் சலாஹுதீன் பேக்கரியின் விறகடுப்பு ரொட்டி இந்தக் குழம்புக்கு மிகப் பொருத்தம். ரொட்டியைத் தணலில் லேசாக வாட்டிக்கொள்ளுங்கள்.

26. உறைபெட்டியில் வைப்பதாக இருந்தால் உருளைக்கிழங்கை எடுத்துவிட்டு வையுங்கள். உறைந்து இளகிய கிழங்கு பொறுபொறுவென்று நீர்விட்டுக் கெட்டுப்போகும். கோழியும் கேரட்டும் தாங்கும். திரும்பச் சூடாக்கும் நாளில் புதிதாக இரண்டு கிழங்கை வேகவைத்துச் சேர்த்துக்கொள்ளலாம்.